ஆறாம் நாள் பாட்டுத்தாள்

1

இந்தக் கதை ஒரு வீணாய்ப்போன தாளில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

தாளின் உச்சியில் ஒரே ஒரு வரி. சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, சில ஆங்கில எழுத்துகள், சில எண்கள். கீழே முழுவதும் வெள்ளை. அடுத்த தாளில் இன்னொரு வரி. அதற்கடுத்ததிலும் அப்படியே. நான் சுவிட்சை அணைக்கும்வரை என் பிரிண்டர் அவற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அந்தத் தாள்களில் ஒன்றை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அது கண்ணில் படுகிறது.

அந்த வரிகள் என்னவென்று பிறகு எனக்கு விளக்கப்பட்டது. ஒரு பக்கத்தை எப்படி அச்சடிக்க வேண்டும் என்று கணினி பிரிண்டருக்குக் கொடுக்கும் உத்தரவுகளாம் அவை. பிரிண்டருக்கு அந்த மொழி புரியவில்லை. புரியாததால் உத்தரவை நிறைவேற்றுவதற்குப் பதில் உத்தரவையே அச்சடித்துவிட்டது.

இந்தக் கதையும் சில இடங்களில் அப்படித்தான் நடந்துகொள்ளும். கதையைச் சொல்ல வேண்டிய இடத்தில், அதை எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குடும்ப விஷயத்தைக் கதையில் எழுதுவதில்லை என்பது என் கொள்கை. இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் எங்கள் வீட்டு வாசற்படியைக்கூட யாரும் பார்க்க முடியாது. இந்தக் கதைக்கும் அந்தக் கொள்கையோடுதான் உட்கார்ந்தேன். எங்காவது மீறல் தென்பட்டால் அது என் சம்மதத்தோடு நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2

எப்படித் தொடங்குவது என்பதிலேயே நிறையத் தாள் கிழித்தேன்.

முதல் தொடக்கம்: "ஏற்காட்டின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே—"

நிறுத்திவிட்டேன். இந்த மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிறார்கள். இங்கேயே குடியிருப்பவர்களுக்குப் பனி என்றால் துணி காயாது, தாள் நமத்துப்போகும். நமத்த தாளைப் பிரிண்டர் இரண்டிரண்டாக இழுத்துச் சிக்கிக்கொள்ளும். அதனால் தாள் கட்டுகளை ஓர் அலமாரியில் அடுக்கி, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருக்கிறேன். பனி இந்தக் கதையில் செய்யும் வேலை அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "வெள்ளக்கடையில் ராஜேந்திரன் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். அவருக்கு ஒரு மகள். அந்த மகளோடு அவர் பேசி—"

ராஜேந்திரனை நான் வேண்டுமென்றே உண்டாக்கினேன். ஆண்; வேறு ஊர்; வேறு மதம்; வேறு வேலை. யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் விரலை நீட்ட முடியாது. மனிதர் சில பக்கங்கள்வரை ஒழுங்காகவே வந்தார். பிறகு அவர் ஒரு தவறைச் செய்ய வேண்டிய இடம் வந்தது. விரல் செய்யும் ஒரு சின்னத் தவறு; கதை அதன்மேல்தான் நிற்கிறது. எவ்வளவோ முயன்றும் அவரால் அதைச் செய்ய முடியவில்லை. அவருடையது சாக்பீஸ் பிடித்த கை. அந்தத் தவறுக்குத் தட்டச்சு இயந்திரத்தில் தேய்ந்த விரல் வேண்டும்.

ராஜேந்திரனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, வேறு வழியில்லாமல் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

3

என் பெயர் அற்புதம். ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். எஸ்டேட்டின் பெயர் இங்கே வேண்டாம். முதுகு நாற்காலியில் சாயக்கூடாது, மணிக்கட்டு மேசையில் படக்கூடாது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் அப்படித்தான் உட்காருகிறேன். பார்க்கிறவர்கள் அதைத் திமிர் என்று நினைப்பதுண்டு. சிலர் சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

என் கணவர் ஸ்தனிஸ்லாஸ் அதே எஸ்டேட்டில் ரைட்டர். யார் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்கள் என்ற கணக்கெல்லாம் அவர் கையில். காலமாகிவிட்டார். அவருடைய அப்பா உபதேசியார். சாமியார் இல்லாத நாட்களில் வாழவந்திவரை நடந்துபோய் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். 'உபதேசியார் ஊடு' என்றால் இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் வழி காட்டுவார்கள்.

எங்கள் கோவில் திருவிழாவில் கொடியேறியதிலிருந்து ஒவ்வொரு நாள் மாலைப் பூசையையும் ஒரு குடும்பம் எடுத்துச் செய்யும். ஆறாம் நாள் எங்களுடையது. அன்றைய பாட்டுத்தாளையும் அந்தக் குடும்பமே தயார் செய்து பெஞ்சுகளில் வைக்க வேண்டும். பாட்டு, மன்றாட்டு எல்லாம் அதில் இருக்கும். மற்றவர்கள் கடையில் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் தாள் எங்கள் வீட்டில்தான் தயாராகும். ஸ்டென்சில் வெட்டிய காலத்திலிருந்து வேறு கை அதில் பட்டதில்லை.

தாளின் கடைசி வரி ஒன்று இருக்கிறது. 'இன்றைய திருப்பலியைச் சிறப்பிப்போர்' என்று போட்டு, குடும்பத்தார் பெயர்களை மூத்தவரிலிருந்து வரிசையாக அடிக்க வேண்டும். கோவிலுக்கு வருகிறவர்கள் பாட்டைப் பார்ப்பதற்கு முன் தாளைத் திருப்பி அந்த வரியைத்தான் பார்ப்பார்கள். பக்திக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஊர் தெரிந்துகொள்வது அங்கேதான்.

சென்ற வருடத் தாளில் ஒரு பெயர் இல்லை. யாரும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க முடியாதபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

4

இனி கோளாறு.

கொடியேற்றத்துக்கு மறுநாள் கணினித் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. என் கணினியில் ஓடுவது லினக்ஸ். அதன் புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. இப்போது வேண்டாம், பிறகு நினைவூட்டு என்றும் ஒரு பொத்தான் இருந்தது. படித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எஸ்டேட் அலுவலகத்தில் மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தால் அன்றைக்கே நிறைவேற்றி, 'பார்க்கப்பட்டது, செய்யப்பட்டது' என்று அடித்து அனுப்பிவிடுவோம். நானும் சரி என்று அழுத்தினேன்.

பிற்பகல் முழுவதும் அது தன்னைத்தானே மாற்றிக்கொண்டிருந்தது. கடைசியில், இவையெல்லாம் இனித் தேவைப்படாதவை, நீக்கவா என்று கேட்டது. வருடக் கடைசியில் பழைய ஃபைல்களைக் கழிக்கிற வழக்கம் எங்களிடமும் உண்டு. அதற்கும் சரி என்றேன்.

கணினி மீண்டும் எழுந்தபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. பிரிண்டர்தான் பேசவில்லை. அச்சடிக்கச் சொன்னால், வேலை வரிசையில் நிற்கிறது என்று காட்டும்; பிறகு ஏதோ வடிகட்டி தோற்றுவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். வயரைப் பிடுங்கிச் செருகினேன். பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். கணினி அதைக் கண்டுபிடித்தது. பெயரைக்கூடச் சரியாகச் சொன்னது. ஆனால் எந்த ட்ரைவர் என்று கேட்டபோது எங்கள் பிரிண்டரின் பெயர் அந்த வரிசையில் இல்லை. ட்ரைவர் என்பது இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் ஒரு சின்ன நிரல். இருப்பதில் நெருக்கமான ஒன்றைத் தேர்ந்தேன். அப்போதுதான் முன்பு சொன்ன தாள்கள் வந்தன.

கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ராஜ்குமாரை வரச்சொன்னேன். வந்தார், திரையைப் பார்த்தார், மௌஸை வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டார்.

"இது நம்ம லைன் இல்லைங்க மேடம். எல்லாத்தையும் அழிச்சுட்டு வழக்கமா எல்லாரும் வெக்கிறத வெச்சுத் தரட்டுங்களா? இல்லைன்னா, இதப் போட்டவரயே கூப்புட்டுருங்க. யாருங்க போட்டது?"

அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். காபிக்குப் பிறகு மறுபடி கேட்டார். சர்க்கரை போதுமா என்று நான் கேட்டேன்.

பங்குச் சாமியாருக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. பங்கு அலுவலகத்தில் பிரிண்டர் சும்மாதான் இருக்கிறது, பென்டிரைவில் கொண்டுவாருங்கள் என்று ஆள் அனுப்பினார். நல்ல மனது. எங்கள் வீட்டுத் தாளை எங்கள் வீட்டிலேயே அடித்துக்கொள்கிறோம் என்று பணிவாகச் சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகு, ஆறாம் நாள் பெஞ்சுகளில் தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். போன வருடம் பெயர் இல்லை. இந்த வருடம் தாளே இல்லை என்பார்கள்.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் உள்ளே வந்தாக வேண்டும். அவரை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் சிப்பந்தி—" (தவறு. ரிசப்ஷனில் பொறுப்பாக இருந்தவர்.)

"எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன்—" (பொய் இல்லை. ஆனால் போதாது.)

"என் மகள் ஷீனாவை—" (இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.)

'அந்தப் பையன்' என்றே வைத்துக்கொள்கிறேன். பெயர் கோகுல். சேலத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கு மலையேறி வந்தவர். என் கணினி நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, பக்கத்து வீட்டுக் காமாட்சி சொல்லி அனுப்பி வந்தார். உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டவர் அவர்தான். அதோடு நிற்கவில்லை. நான் பழைய தட்டச்சு இயந்திரத்துப் பழக்கம் என்று தெரிந்துகொண்டு, என் விரல் புதிதாக எதையும் படிக்க வேண்டாதபடி அதே வரிசையில் தமிழ் எழுத்துகளை அமைத்துக் கொடுத்தார். அதை நான் கேட்கவில்லை. எங்கள் பிரிண்டர் பழையது. செய்த கம்பெனிக்கே அது மறந்துபோயிருந்தது. எங்கெங்கோ தேடி அதற்கு ஒரு ட்ரைவரைக் கொண்டுவந்து போட்டார். ஷீனாதான் காபி கொண்டுவந்து வைத்தாள். காபி நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு, எங்கள் வீட்டில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன்.

பிறகு அவர்கள் இருவரும் சேலத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். செய்துவிட்டு வந்து சொன்னார்கள். உபதேசியார் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். இப்போது இருவரும் மலையடிவாரத்தில் குப்பனூரில் குடியிருக்கிறார்கள். இதற்கு மேல் எழுத இதில் ஒன்றும் இல்லை.

[அந்தப் பையனை எனக்குப் பிடிக்காது என்று வாசகர் எழுதிக்கொள்ள வேண்டாம். அப்படி இருந்திருந்தால் இந்தக் கதை எளிதாக முடிந்திருக்கும்.]

6

நான் போன் செய்யவில்லை. காமாட்சி செய்தார். இந்த வேறுபாடு முக்கியம்.

காமாட்சி பக்கத்து வீட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடுகிறவர். ஐந்தாம் நாள் காலையில் வந்து, கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தாமே எண்ணைப் போட்டார். எண் அவரிடம் இருந்தது.

"கோகுலு, நான் காமாட்சி பேசறன் சாமி. ஏஞ்சாமி, நல்லா இருக்கறியா? ஷீனா நல்லா இருக்குதா? இங்க அற்புதம்மா ஊட்டுல கம்ப்யூட்டர் நொம்பத் தொந்தரவு பண்ணுதாம்."

அதன் பிறகு சிறிது நேரம் பேச்சுவார்த்தை ஒரு நீதிமன்றத்தில்போல நடந்தது. அவர் அங்கே கேட்பார். காமாட்சி என்னிடம் கேட்பார். நான் காமாட்சிக்குச் சொல்வேன். காமாட்சி அங்கே சொல்வார். 'ஃபில்டர் ஃபெயில்டு' என்று வருகிறது என்றேன். காமாட்சி அதை 'வடிகட்டி ஒடஞ்சு போச்சாம்' என்று அனுப்பினார். எதிர்முனையில் சிரிப்பு கேட்டது, உடனே நின்றுவிட்டது.

காமாட்சி வீட்டில் பால் அடுப்பில் இருந்தது. "ஏனுங்க, எத்தன நேரம் நான் உங்களுக்கு நடுவுல தபால்காரியாட்டம் நிக்கிறது? நீங்களே பேசிக்குங்க," என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். போன் அங்கே கிடந்தது. அணைக்க எனக்கு அந்தப் போனில் எந்தப் பொத்தான் என்று தெரியாது.

[சரி. தெரியும்.]

முன்பெல்லாம் அவர் என்னை அம்மா என்று கூப்பிடுவார். இப்போது அத்தை என்று கூப்பிட வேண்டிய முறை. அதை அவர் கேட்டுப் பெறவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆகவே அன்று அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. என்னிடமும் அவருக்கான விளி எதுவும் இல்லை. இப்படி இரண்டு பேர் ஒரு பிரிண்டரைச் சரிசெய்யத் தொடங்கினோம்.

7

நீக்கவா என்று கேட்டபோது சரி என்று அழுத்தினேன் அல்லவா, அதில்தான் ட்ரைவர் போயிருந்தது.

"அது நம்ம வெளியில இருந்து கொண்டாந்து போட்டதுங்க. அவங்க கணக்குல அது இல்ல. அதனால வேண்டாததுன்னு எடுத்துருச்சு. ஆனா கோப்பு உள்ளதான் இருக்குதுங்க. மறுபடி போட்டுக்கலாம்."

[இங்கே உவமை காண விரும்பும் வாசகர் தம் பொறுப்பில் கண்டுகொள்ளலாம். நான் வைக்கவில்லை.]

கோப்பு ஒரு கோப்புறையில் இருந்தது. 'அம்மா பிரிண்டர்' என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். தினமும் திறக்கும் கணினியில் அதை நான் பார்த்ததே இல்லை.

கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கச் சொன்னார். அதில் கட்டளைகளை வரிவரியாக அடிக்க வேண்டும். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்வார். அவர் வாய் மூடுவதற்குள் நான் அடித்து முடித்திருப்பேன். "அடிச்சுட்டீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் வியப்பாகக் கேட்டார். அந்த வியப்பு எனக்கு வேண்டியிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. எழுத்தும் இல்லை, புள்ளியும் இல்லை. மறுபடி அடித்தேன். ஒன்றும் இல்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்றேன்.

"இல்லைங்க. அங்க அப்படித்தான். எழுத்து கண்ணுக்குத் தெரியாது. தெரியாட்டியும் உள்ள போகுதுங்க. நம்பி அடிங்க."

வாழ்க்கை முழுவதும் அடித்ததைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இன்னொரு டைப்பிஸ்ட்டுக்குத்தான் புரியும். அடித்தேன். உள்ளே விட்டது.

அடுத்து, கோப்பின் பெயரைச் சொல்லி அதை நிறுவச் சொல்லும் கட்டளை. நீளமான பெயர், நடுவில் கோடுகள், புள்ளிகள், பதிப்பு எண்கள். அடித்தேன். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது. இருக்கிறதே, பக்கத்துச் சன்னலில் கண்ணெதிரே இருக்கிறதே என்றேன். மறுபடி சொன்னார், மறுபடி அடித்தேன். இல்லை என்றது. அடித்ததைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் சொன்னதும் நான் படித்ததும் ஒன்றுதான்.

பிறகு, ஒருவேளை கோப்பே கெட்டுப்போயிருக்கலாம், வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்து பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவசியமில்லை என்றேன். சொன்ன வேகம் எனக்கே அதிகமாகத்தான் பட்டது.

அப்போது அங்கே தள்ளி ஒரு குரல் கேட்டது. போனுக்காகச் சொன்ன குரல் இல்லை. வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் குரல்.

"ஒண்ணு எப்படி அடிச்சாங்கன்னு கேளு. அம்மா ஒண்ணுக்கு எல்லுதான் அடிப்பாங்க."

இதைத்தான் ராஜேந்திரனால் செய்ய முடியவில்லை.

எங்கள் எஸ்டேட் அலுவலகத்து ஆங்கில இயந்திரத்தில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. ஆங்கிலத்துச் சின்ன எல் எழுத்தையே ஒன்றாக அடிப்போம். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்தப் பழக்கம் விரலில் நின்றுவிட்டது. கணினியிலும் எண்களுக்காக ஆங்கிலத்துக்கு மாறும்போதெல்லாம் அதையேதான் அடித்துவந்திருக்கிறேன். இத்தனை வருடப் பாட்டுத்தாள்களில் பாட்டு எண்களில் வரும் ஒன்றெல்லாம் ஒன்றே அல்ல. சாமியாருக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. என் மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என் விரலைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தப் பையன் மரியாதையோடு அதை என்னிடம் திருப்பிச் சொன்னார், தமக்கே தோன்றியதுபோல. "ஏனுங்க, மேல் வரிசையில ஒண்ணு இருக்குதுங்களே, அத அடிச்சுப் பாருங்க." அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நானும் கேளாததுபோலவே இருந்தேன்.

ஒன்றை அடித்தேன். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. பிரிண்டரைச் சேர்க்கும் இடத்தில் எங்கள் பிரிண்டரின் பெயர் வந்து நின்றது. சோதனைப் பக்கம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். சிறிது நேரம் எதுவும் இல்லை. பிறகு உள்ளே உருளை சுழலும் ஓசை. தாள் இழுபடும் ஓசை.

"வந்துருச்சு சாமி," என்றேன்.

[இந்த வரியை நீக்கவும். பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல வாய் தவறி வந்தது, குடும்ப விஷயம்.]

[நீக்கினால் அடுத்து வரும் அமைதி ஏன் என்று வாசகருக்குப் புரியாது. இருக்கட்டும்.]

8

அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குப்பனூரில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துப்போனது போனில் கேட்டது.

கடைசியில் அவர்தான் சொன்னார்: "சோதனப் பக்கம் வந்தாலும், தமிழ் சரியா வருதான்னு பாத்துரணுங்க. பாட்டுத்தாளயே ஒண்ணு அடிச்சுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கறன்."

பாட்டுத்தாளைத் திறந்தேன். முதல் பாட்டு, மன்றாட்டு, காணிக்கைப் பாட்டு எல்லாம் தயார். ஒன்றுகளை மட்டும் திருத்தினேன். கடைசி வரிக்கு வந்தேன். போன வருடத்து வரிதான் அப்படியே இருந்தது: என் பெயர், மகன் ஆண்டனி ராஜ், அவன் மனைவி அபிஷா, அவர்கள் பையன் ஸ்டெபின். அவர்கள் பெங்களூரில் இருந்தாலும் பெயர் வரும். ஊரில் இருப்பதற்கும் பெயர் வருவதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டெபினுக்குப் பக்கத்தில் கர்சர் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"வருதுங்களா?" என்று கேட்டார்.

"இரு. கடைசி வரி பாக்கி."

இங்கே கதைக்கு முடிவு வேண்டும். என்னிடம் சில இருக்கின்றன.

முடிவு அ: இரண்டு பெயர்களையும் சேர்த்து அடிக்கிறேன். ஆறாம் நாள் மாலை, பூசை தொடங்கும் நேரத்தில் அவர்கள் இருவரும் நனைந்தபடி கோவில் வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள். ஷீனா தாளைத் திருப்பிப் பார்க்கிறாள். அழுகிறாள். நானும். (நான் கோவிலில் அழமாட்டேன். என்னைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: போன வருடத்து வரியை அப்படியே அச்சடிக்கிறேன். நன்றி சொல்லிப் போனை வைக்கிறேன். சரிசெய்து கொடுத்தவருடைய பெயரே இல்லாத தாள், அவர் சரிசெய்த பிரிண்டரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. (நடக்கக்கூடியது. எங்கள் குடும்பத்தில் இதைவிடக் கடினமானதையும் செய்திருக்கிறோம். ஆனால் இதை எழுதும்போது மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.)

முடிவு இ: பெயர்களே வேண்டாம், 'உபதேசியார் குடும்பத்தார்' என்று மட்டும் போட்டுவிடுவது. யாரையும் சேர்க்கவில்லை, யாரையும் விடவில்லை. (கெட்டிக்காரத்தனம். ஸ்தனிஸ்லாஸ் இருந்திருந்தால் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்திருப்பார். அவர் அப்படித் திருப்பிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்காது.)

9

எது நடந்தது என்று கேட்கிறீர்கள்.

சொல்லமாட்டேன். உங்கள்மேல் நம்பிக்கையில்லாமல் இல்லை. குடும்ப விஷயத்தைக் கதையில் எழுதுவதில்லை என்று முதல் பக்கத்திலேயே சொன்னேன். கடைசிப் பக்கத்திலாவது அதைக் காப்பாற்ற வேண்டாமா?

தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. ஆறாம் நாள் கோவிலில் எல்லாப் பெஞ்சிலும் தாள் இருந்தது, வந்தவர்களிடம் கேளுங்கள். பாட்டைப் பார்ப்பதற்கு முன் எதைப் பார்த்தார்கள் என்று அவர்களுக்கு நினைவிருக்கும். மிஞ்சிய தாள்கள் அலமாரியில் பல்பு வெளிச்சத்தில் இருக்கின்றன. நமத்துப்போகவில்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. கடைசி வரி பாக்கி என்று சொன்ன பிறகு, ஸ்பீக்கரில் போட்ட போனை மேசையிலேயே விட்டுவிட்டுத்தான் நான் விசைப்பலகைக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை லைனில் காத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள், மூச்சு கேட்டது. நான் அடித்தேனா, இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேனா, அடித்திருந்தால் எவ்வளவு நேரம் அடித்தேன் என்பதெல்லாம் அங்கே கேட்டிருக்கும். என் விசை ஓசையைக் கேட்டே தூங்கியவள். எத்தனை எழுத்து என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இருந்தாலும், முடிவில்லாமல் ஒரு தாளை வெளியே அனுப்புவது எங்கள் அலுவலகத்தில் வழக்கமில்லை. ஆகவே முடிவை இங்கே அடிக்கிறேன்.

[                                                  ]

ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். நானும் அன்று கறுப்புத் திரையைப் பார்த்து அதையேதான் சொன்னேன். விசைப்பலகையில் கோளாறு ஒன்றும் இல்லை. அடித்தாயிற்று.